அமெரிக்க இலக்கியம்: இயக்கப் பெயர்களை நம்பிப் படிக்கலாமா?

தாளடி (இழை தொடக்கம்)

வணக்கம். அமெரிக்க இலக்கிய வரலாற்றை ஒழுங்காகப் படிக்க விரும்புகிறேன். எந்தக் கையேட்டைப் பிரித்தாலும் பியூரிட்டன் காலம், கற்பனாவாதம், டிரான்சென்டென்டலிசம் (இயற்கையிலும் உள்ளுணர்விலும் உண்மையைத் தேடும் போக்கு), யதார்த்தவாதம், இயல்புவாதம், நவீனத்துவம் என்று ஒரே வரிசைதான். வரிசை மனப்பாடம் ஆகிவிடுகிறது. ஆனால் நூல்களைத் தொட்டால் எதுவும் அதில் உட்கார மறுக்கிறது. எமிலி டிக்கின்சன் எந்தப் பெட்டி? 1851இல் வந்த மெல்வில்லின் 'மோபி டிக்' ஏன் இருபதாம் நூற்றாண்டு நாவல் போல இருக்கிறது? விட்மன் நூலுக்குப் பல பதிப்புகள் என்கிறார்களே, எதை வாங்குவது? ஃபாக்னரின் 'தி சவுண்ட் அண்ட் தி ஃபியூரி' முதல் பகுதியைத் தாண்ட வழி உண்டா? தெரிந்தவர்கள் விரிவாகச் சொல்லுங்கள்.

---

பனுவல்

நல்ல கேள்வி. இயக்கப் பெயர்களைத் தூக்கிப் போட வேண்டாம், ஆனால் அவற்றில் பல பிறகு ஒட்டப்பட்ட சீட்டுகள் என்பதை மறக்கக் கூடாது. ஒவ்வொரு நூலுக்கும் மூன்று ஆண்டுகளைக் குறித்து வையுங்கள்: எழுதிய ஆண்டு, அச்சான ஆண்டு, ஊர் உலகம் அதைப் படிக்கத் தொடங்கிய ஆண்டு. அமெரிக்க இலக்கியத்தில் இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று வெகுதூரம் விலகிக் கிடக்கும். குழப்பத்தில் பாதி அங்கிருந்துதான் வருகிறது.

'மோபி டிக்' அச்சானது 1851. மெல்வில் இறந்தது 1891. இடைப்பட்ட 40 ஆண்டுகளில் அமெரிக்காவில் விற்றது ஏறத்தாழ 3000 பிரதிதான். அவர் பிறந்த நூற்றாண்டு 1919இல் வந்தது, ரேமண்ட் வீவர் 1921இல் வாழ்க்கை வரலாறு எழுதினார், கையெழுத்துப் பிரதியாகவே கிடந்த 'பில்லி பட்' 1924இல் அச்சேறியது. ஆக அந்த நாவலை உண்மையில் படித்துக் கொண்டாடியது நவீனத்துவத் தலைமுறை. உங்களுக்கு அது இருபதாம் நூற்றாண்டு நாவலாகத் தோன்றுவதில் பிழையே இல்லை.

இன்னொரு விஷயம் பதிப்புரிமைச் சட்டம். 1790ஆம் ஆண்டுச் சட்டம் அமெரிக்கக் குடிமக்களுக்கும் அங்கே வசிப்பவர்களுக்கும் மட்டுமே உரிமை கொடுத்தது. வெளிநாட்டவருக்கு அந்த உரிமை 1891இல்தான் வந்தது. அதுவரை டிக்கன்ஸ் நாவலை நியூயார்க் அச்சகம் உரிமைத்தொகை எதுவும் தராமலே அடித்து மலிவாக விற்கலாம். உள்ளூர் எழுத்தாளரின் நூலுக்கோ பணம் கொடுத்தாக வேண்டும். பதிப்பாளர் யாரைத் தேர்வார்? அமெரிக்காவில் சிறுகதை அவ்வளவு சீக்கிரம் வளர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம். நூல் போடுவது கடினம், பத்திரிகையோ பக்கத்தை நிரப்பியாக வேண்டும். எட்கர் ஆலன் போ தம் கதைகளை எழுதியது அந்தச் சந்தைக்குத்தான். 1842இல் ஹாதார்ன் கதைகளுக்கு எழுதிய மதிப்புரையில் சிறுகதையின் நீளத்தை வாசிப்பு நேரத்தால் அளந்தார்: அரை மணி முதல் இரண்டு மணி வரை, ஒரே அமர்வு.

இதே சட்டச் சிக்கலால்தான் பிரிட்டனில் உரிமை வேண்டிய அமெரிக்கர்கள் அங்கே முதலில் வெளியிட்டார்கள். 'மோபி டிக்' லண்டனில் 1851 அக்டோபரில் 'தி வேல்' என்ற பெயரில் மூன்று தொகுதிகளாக வந்தது, நியூயார்க்கில் நவம்பரில். லண்டன் பதிப்பில் முடிவுரை விடுபட்டுப் போனது. கப்பலோடு எல்லோரும் மூழ்கிவிட்டால் கதையைச் சொல்வது யார் என்று அங்கிருந்த விமர்சகர்கள் கேட்டார்கள். கதைசொல்லி இஷ்மேல் சவப்பெட்டியைப் பிடித்து மிதந்து பிழைத்தது அவர்கள் கையிலிருந்த நூலில் இல்லை. பழைய மதிப்புரைகளைப் படிக்கும்போது விமர்சகர் கையில் எந்தப் பதிப்பு இருந்தது என்று முதலில் பாருங்கள்.

---

செங்காந்தள்

பனுவல் சொன்ன மூன்று ஆண்டு முறை நல்லது. ஆனால் யார் பெயர்களை அந்த அட்டவணையில் போடுகிறோம் என்பதும் கேள்விதானே?

'அமெரிக்க மறுமலர்ச்சி' என்று 1850களைக் கொண்டாடும் பெயரைப் பரப்பியது எஃப். ஓ. மாத்தியெசன் 1941இல் எழுதிய நூல். எமர்சன், தோரோ, ஹாதார்ன், மெல்வில், விட்மன் என்று ஐந்து பேர், ஐவரும் வெள்ளை ஆண்கள். அதே 1850களில் அமெரிக்காவே படித்த நாவல் எது? ஹேரியட் பீச்சர் ஸ்டோவின் 'அங்கிள் டாம்ஸ் கேபின்'. 1851 ஜூன் முதல் 'நேஷனல் எரா' இதழில் தொடராக வந்து, 1852 மார்ச்சில் நூலாகி, முதல் ஆண்டிலேயே அமெரிக்காவில் மட்டும் 3 லட்சம் பிரதி விற்றது. மெல்வில்லின் 3000 பிரதிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அடிமை வாழ்வின் தன்வரலாறுகள் ஒரு பெரிய இலக்கிய வகை. ஃபிரெடரிக் டக்ளஸ் 1845, ஹேரியட் ஜேக்கப்ஸ் 1861. ஜேக்கப்ஸ் 'லிண்டா பிரென்ட்' என்ற புனைபெயரில் எழுதினார். நூலைத் திருத்திக் கொடுத்த வெள்ளைப் பெண்மணியே அதை எழுதியிருப்பார், அது ஒரு நாவல் என்றுதான் நெடுங்காலம் சொன்னார்கள். ஜீன் ஃபேகன் யெல்லின் கடிதங்களையும் ஆவணங்களையும் ஒப்பிட்டு 1987 பதிப்பில் அது ஜேக்கப்ஸின் சொந்த எழுத்து, சொந்த வாழ்க்கை என்று நிறுவினார். 126 ஆண்டுகள்! இந்தச் சந்தேகத்துக்கும் நீண்ட வரலாறு உண்டு. பாஸ்டனில் அடிமையாக இருந்த ஃபிலிஸ் வீட்லியின் கவிதை நூல் 1773இல் லண்டனில்தான் அச்சாக முடிந்தது. கவிதைகள் அவருடையவையே என்று பாஸ்டன் பெரிய மனிதர்கள் 18 பேர் கையெழுத்திட்ட சான்று அதன் முகப்பில் இருக்கிறது. கவிதை எழுத வரும் என்பதற்குச் சான்றுக் கையெழுத்து கேட்ட நாடு அது. இதை விட்டுவிட்டு வரலாறு எழுத முடியாது.

---

பனுவல்

ஒப்புக்கொள்கிறேன், செங்காந்தள். என் பட்டியலில் அது பெரிய ஓட்டைதான். ஜேக்கப்ஸுக்கு மூன்று ஆண்டு போட்டால் 1850களில் எழுதியது, 1861, 1987 என்று வரும். தாளடி, இந்த வரியை உங்கள் அட்டவணையில் மேலேயே எழுதுங்கள்.

---

நெடுங்கணக்கு

விட்மன் பதிப்பு பற்றிக் கேட்டிருந்தீர்கள். வாங்கும்போது பின்னட்டையைப் பார்க்காதீர்கள், பதிப்புக் குறிப்புப் பக்கத்தைப் பாருங்கள். 'லீவ்ஸ் ஆஃப் கிராஸ்' என்ற ஒரே பெயரில் வேறு வேறு நூல்கள் இருக்கின்றன.

1855: புரூக்ளினில் விட்மன் தாமே பார்த்துப் போட்டது. 795 பிரதி. 12 கவிதைகள், தனித்தனித் தலைப்பு இல்லை. முகப்பில் ஆசிரியர் பெயர் கிடையாது, சட்டைக் கழுத்தைத் திறந்துவிட்டு இடுப்பில் கைவைத்து நிற்கும் படம் மட்டும். முன்னுரை உரைநடையில், பக்கத்துக்கு இரண்டு நெடுவரிசைகளாக. வரிகளுக்கு நடுவே நான்கு புள்ளிகள் வரிசையாக வரும், மூச்சு விடும் இடம் போல.

1856இல் எமர்சன் எழுதிய தனிக் கடிதத்தின் பாராட்டு வரியை அனுமதி கேட்காமல் நூலின் முதுகில் பொன்னெழுத்தில் அடித்தார். 1860இல் காதல், நட்பு பற்றிய புதிய தொகுதிகள் சேர்ந்தன. 1881 பாஸ்டன் பதிப்பை ஆபாசம் என்று அரசு வழக்கறிஞர் மிரட்ட, பதிப்பாளர் கைவிட்டார். 1891-92இல் வந்தது 'மரணப் படுக்கைப் பதிப்பு', ஏறத்தாழ 400 கவிதைகள்.

கடையில் பதிப்பு விவரம் சொல்லாமல் கிடைப்பது பெரும்பாலும் இந்தக் கடைசிப் பதிப்பின் பாடம் (அதாவது அந்தப் பதிப்பில் உள்ள எழுத்து வடிவம்). நான்கு புள்ளிகள் காற்புள்ளியாகியிருக்கும், 'சாங் ஆஃப் மைசெல்ஃப்' 52 பகுதிகளாக வெட்டப்பட்டிருக்கும். அந்தத் தலைப்பே 1881இல்தான் வந்தது. 1855 பாடத்தை முதலில் வாங்குங்கள். சிறிய நூல், இரண்டு மூன்று அமர்வில் முடியும். பிறகு கடைசிப் பதிப்பிலிருந்து லிங்கன் இரங்கற்பாவையும் 'கிராசிங் புரூக்ளின் ஃபெர்ரி'யையும் படியுங்கள். முதல் பக்கத்திலிருந்து 400 கவிதைகளையும் வரிசையாகப் படிக்க முயன்றால் பாதியில் சலித்துவிடும், அந்த வரிசை வாசிப்புக்காக அமைந்ததும் அல்ல.

தமிழுக்கும் இதில் நேரடித் தொடர்பு உண்டு. விட்மனின் பாட்டு வசன நடை போலவே இருக்கும், எதுகை மோனை தளை கிடையாது என்று பாரதி எழுதியிருக்கிறார். ந. பிச்சமூர்த்தியும் தம் வசன கவிதை முயற்சிக்குத் தூண்டுதலாக விட்மனின் இந்த நூலைச் சொன்னார். நம் புதுக்கவிதையின் வேர்களில் ஒன்று புரூக்ளின் அச்சகத்தில் இருக்கிறது.

---

செங்காந்தள்

டிக்கின்சனுக்கு வருகிறேன். அவருக்குத்தான் பதிப்பு உயிர்நாடி.

1886இல் இறந்தபோது ஏறத்தாழ 1800 கவிதைகள் இருந்தன. வாழ்நாளில் அச்சானவை பத்துப் பன்னிரண்டு, அவையும் பெயரில்லாமல். தாள்களை மடித்து நூலால் தைத்து 40 சிறு ஏடுகள் கட்டிவைத்திருந்தார். ஒரு சொல்லுக்கு மாற்றுச் சொல் தோன்றினால் சிறிய கூட்டல் குறி போட்டுப் பக்கத்தின் அடியில் எழுதுவார், எது இறுதி என்று தேர்ந்தெடுக்காமலே விட்டுவிடுவார்.

1890இல் மேபல் லூமிஸ் டாடும் ஹிக்கின்சனும் முதல் தொகுப்பைக் கொண்டுவந்தார்கள். நிறுத்தற்குறியாக அவர் இட்ட சிறு கோடுகளை நீக்கினார்கள், தலைப்பு வைத்தார்கள், இயைபு சரியாக விழாத இடங்களில் சொல்லையே மாற்றினார்கள். ஈ ஒன்று ரீங்கரிக்கும் மரணக் கவிதை நினைவிருக்கும். அவர் எழுதியது 'ரூம்' என்று முடிந்து 'ஸ்டார்ம்' என்பதோடு அரைகுறையாக ஒலிக்கும். 1896 தொகுப்பில் 'ரூம்' போய் 'ஃபார்ம்' வந்தது. இயைபு முழுமையானது, ஆனால் கவிதை கெட்டது. அறைக்குள் இருந்த நிசப்தம் உடலைச் சுற்றிய நிசப்தமாகிவிட்டது. அந்த அரை இயைபுதான் சாகும் அறையின் நெருடலை நம் காதுக்குள் கொண்டுவருகிறது. அதைச் சரிசெய்தவர்கள் அவர் கேட்ட ஒலியைக் கேட்கவில்லை.

தாமஸ் ஜான்சன் 1955இல் 1775 கவிதைகளைக் கையெழுத்துப்படி பதிப்பித்தார். ஆர். டபிள்யூ. ஃபிராங்க்ளின் 1998இல் 1789 கவிதைகளாக மறுபடி வரிசைப்படுத்தினார். இருவரின் எண்களும் வேறு. கட்டுரைகளில் ஜே, எஃப் என்ற எழுத்தோடு எண் வந்தால் யாருடைய எண் என்று அதுதான் சொல்லும். எண்ணை மாற்றிப் பார்த்து வேறு கவிதையைப் படித்துவிட்டுக் குழம்புவது அடிக்கடி நடக்கும் தவறு. வாங்குவதானால் ஃபிராங்க்ளினின் 1999 வாசகர் பதிப்பு. கவிதைக்குத் தலைப்பு வைத்திருந்தால் அந்த நூலைக் கீழே வைத்துவிடுங்கள்.

ஓசைக்கு ஒரு வழி: பெரும்பாலானவை தேவாலயப் பாடல் கட்டு. வரிக்கு எட்டு, ஆறு, எட்டு, ஆறு என்று ஒலியசை. முதலில் விரல் விட்டு எண்ணிப் படியுங்கள், பிறகு கோடு வரும் இடமெல்லாம் நிறுத்துங்கள். பாடல் ஓட நினைக்கும், கோடு பிடித்து நிறுத்தும். அவர் எந்த இயக்கம் என்று கேட்டால் எதுவும் இல்லை என்றே சொல்வேன். எழுதியது உள்நாட்டுப் போர்க் காலத்தில், முழுதாகப் படிக்கப்பட்டது 1955க்குப் பிறகு.

---

தாளடி

மிகவும் நன்றி. தோரோ மட்டும் டிரான்சென்டென்டலிசம் என்ற இயக்கப் பெயருக்குச் சரியாகப் பொருந்துகிறார் போலிருக்கிறதே? காட்டில் தனியாக வாழ்ந்து தியானம் செய்தவர்தானே?

---

நெடுங்கணக்கு

அந்தப் படம் 'வால்டன்' நூலைப் படிக்க விடாது. தோரோ 1845 ஜூலை 4 முதல் 1847 செப்டம்பர் 6 வரை வால்டன் குளக்கரையில் இருந்தார். குளம் கன்கார்ட் ஊரிலிருந்து நடந்துபோகும் தூரம், நிலம் எமர்சனுடையது. முதல் அத்தியாயத்தின் பெயரே 'பொருளாதாரம்'. பலகை, பழைய செங்கல், ஆணி, சுண்ணாம்பு என்று கணக்கெழுதி வீடு 28 டாலர் 12½ சென்ட் என்று காட்டுகிறார். நூல் வந்தது 1854இல், ஏழு முறை திருத்தி எழுதிய பிறகு. இரண்டு ஆண்டு வாழ்க்கையை ஒரே ஆண்டாகச் சுருக்கி, கோடையில் தொடங்கி வசந்தத்தில் முடித்தார். அதை நாட்குறிப்பாக அல்ல, கட்டப்பட்ட நூலாகப் படியுங்கள்.

சென்னைக்காரர்கள் 'குளிர்காலக் குளம்' அத்தியாயத்தை விடக் கூடாது. 1846-47 குளிர்காலத்தில் நூறு ஐரிஷ் தொழிலாளர்கள் வந்து குளத்தில் பனிக்கட்டி அறுக்கிறார்கள். சென்னை, பம்பாய், கல்கத்தா மக்கள் என் கிணற்றில் குடிக்கிறார்கள் என்று எழுதுகிறார். வெறும் உவமை அல்ல. ஃபிரெடரிக் டியூடரின் நிறுவனம் மாசசூசெட்ஸ் குளங்களின் பனிக்கட்டியைக் கப்பலில் மதராசுக்கு அனுப்பியது. அதைச் சேமிக்க எழுந்த கட்டடம்தான் கடற்கரையில் நிற்கும் ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம். அதே பக்கத்தில் காலையில் பகவத் கீதையில் தம் அறிவைக் குளிப்பாட்டுவதாகச் சொல்லி, வால்டன் நீர் கங்கை நீரோடு கலப்பதாக முடிக்கிறார். வணிகக் கப்பலையும் கீதையையும் ஒரே நீரில் இணைக்கிறார். ஒன்றையும் கவனியுங்கள்: அன்று குவித்த 10,000 டன் குவியலில் ஒரு பகுதிதான் எடுத்துச் செல்லப்பட்டது, மிச்சம் 1848 செப்டம்பர் வரை கரைந்து பெரும்பகுதி குளத்துக்கே திரும்பியது என்று அவரே எழுதுகிறார்.

---

பனுவல்

யதார்த்தவாதம், இயல்புவாதம் இரண்டையும் பலர் குழப்புகிறார்கள். ஒரே ஒரு சோதனை வைத்துப் பாருங்கள்: திருப்பம் வரும் இடத்தில் முடிவெடுப்பது யார்? மார்க் ட்வெயினின் 'ஹக்கிள்பெரி ஃபின்' 31ஆம் அத்தியாயத்தில் தப்பியோடிய அடிமை ஜிம்மைக் காட்டிக்கொடுக்கும் கடிதத்தை ஹக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கிறான், நரகத்துக்கே போகிறேன் என்று கிழிக்கிறான். அவன் முடிவு அது, யதார்த்தவாதம். டிரைசரின் 'சிஸ்டர் கேரி'யில் ஹர்ஸ்ட்வுட் பணத்தை எடுத்துப் பார்த்தபடி திருடுவதா வேண்டாமா என்று தவிக்கிறான். அதற்குள் பெட்டகத்தின் கதவு தானாகப் பூட்டிக்கொள்கிறது, பணம் கையில். அங்கே முடிவெடுப்பது பூட்டு, இயல்புவாதம். 1885க்கும் 1900க்கும் இடையில் நாவல் மனிதனைப் பார்க்கும் பார்வை எவ்வளவு மாறியது என்பதற்கு இந்த இரண்டு காட்சிகள் போதும்.

'சிஸ்டர் கேரி'க்கும் இரண்டு பாடம். 1981இல் பென்சில்வேனியா பல்கலைப் பதிப்பு ஏறத்தாழ 36,000 சொற்களைத் திரும்பச் சேர்த்தது. வெட்டியதில் டிரைசருக்கும் பங்கிருந்ததால் எது உண்மைப் பாடம் என்ற சண்டை ஓயவில்லை. முதல் வாசிப்புக்கு 1900 பாடமே இறுக்கமானது என்பது என் கருத்து.

நவீனத்துவக் கவிதைக்குச் சிகாகோவில் 1912 அக்டோபரில் தொடங்கிய 'பொயட்ரி' இதழிலிருந்து போங்கள். 1913 மார்ச் இதழில் படிமக் கவிதையின் மூன்று விதிகள்: பொருளை நேராகச் சொல், பயனில்லாத சொல்லை விடு, தாளத்தை இயந்திரக் கணக்கில் அல்ல, இசைத்தொடரில் அமை. எஸ்ரா பவுண்ட் சுரங்க ரயில் நிலையக் காட்சியை 30 வரியில் எழுதி அழித்து, கடைசியில் 14 சொற்களுக்குக் கொண்டுவந்தார். எலியட்டின் 'தி வேஸ்ட் லேண்ட்' கவிதையிலும் (1922, 434 வரி) பவுண்டின் அதே கத்தி பட்டது. நான்காம் பகுதி சுமார் 90 வரியிலிருந்து 10 வரியானது. 1971இல் வந்த கையெழுத்துப் படி நகலில் பவுண்ட் போட்ட கோடுகளையே பார்க்கலாம். கடைசிக் குறிப்புகளைப் பற்றிக் கலங்க வேண்டாம், நூல் மெலிதாக இருந்ததால் நீட்டியவை என்று எலியட் பின்னர் சொன்னார். இடி பேசும் பகுதியில் பிருகதாரண்யக உபநிடதத்தின் வரிசை அடக்கு, கொடு, இரங்கு. எலியட் அதைக் கொடு, இரங்கு, அடக்கு என்று மாற்றியிருக்கிறார். ஹார்வர்டில் சமஸ்கிருதம் படித்தவர் அறியாமல் செய்திருக்க மாட்டார். தன்னடக்கத்தைக் கடைசிக்குத் தள்ளியது ஏன் என்று யோசித்தால் முடிவுப் பகுதி திறக்கும்.

---

செங்காந்தள்

அதே ஆண்டுகளில் நியூயார்க்கின் கறுப்பர் பகுதியான ஹார்லெமில் வேறொரு நவீனத்துவம் நடந்தது, அதை அடிக்குறிப்பாக்கக் கூடாது. ஜீன் டூமரின் 'கேன்' 1923. அலெய்ன் லாக் தொகுத்த 'தி நியூ நீக்ரோ' 1925. லாங்ஸ்டன் ஹியூஸின் முதல் கவிதை நூல் 1926. இளையவர்கள் கைக்காசு போட்டு நடத்திய 'ஃபயர்!!' இதழ் 1926 நவம்பரில் ஒரே ஒரு முறை வந்து நின்றது.

ஹியூஸின் புளூஸ் (கறுப்பின மக்களின் துயரப் பாட்டு) கவிதையை இப்படிப் படிக்கலாம். புளூஸ் பாட்டில் ஒரு நீண்ட வரி, அதே வரி சிறு மாற்றத்தோடு மறுபடி, மூன்றாவது வரி பதிலாக வந்து இயைபோடு முடிக்கும். ஹியூஸ் ஒவ்வொன்றையும் இரண்டாக உடைத்து ஆறு வரியாக அச்சிடுவார். ஆறு வரியைக் கண்டால் மூன்றாக மடித்து வாய்விட்டுப் பாருங்கள். திரும்பச் சொல்வது வறட்சி அல்ல, பாடுபவர் பதிலைத் தேடும் நேரம் அது.

ஸோரா நீல் ஹர்ஸ்டனின் 'தெயர் ஐஸ் வேர் வாட்சிங் காட்' 1937இல் வந்து, அச்சில் இல்லாமல் போனது. 1973இல் ஆலிஸ் வாக்கர் அவருடைய அடையாளமற்ற புதைகுழியைத் தேடிக் கல் நட்டார். 1978இல் மறுபதிப்பு. மூன்று ஆண்டு முறை இங்கேயும்.

---

தாளடி

அட்டவணை நிரம்புகிறது. மிச்சம் ஃபாக்னர்.

---

நெடுங்கணக்கு

'தி சவுண்ட் அண்ட் தி ஃபியூரி' (1929) நான்கு பகுதி: 1928 ஏப்ரல் 7, 1910 ஜூன் 2, 1928 ஏப்ரல் 6, ஏப்ரல் 8. முதல் பகுதியைச் சொல்லும் பெஞ்சிக்கு வயது 33. பேச முடியாது, நேற்று இன்று என்ற பிரிவும் தெரியாது. காலத்தைக் கண்டுபிடிக்க அவனைப் பார்த்துக்கொள்ளும் பையன் யார் என்று பாருங்கள். வெர்ஷ் என்றால் பெஞ்சி சிறு குழந்தை. டி. பி. என்றால் வளர்ந்த பையன், அக்கா கேடியின் திருமணம் இந்தக் காலம். லஸ்டர் என்றால் 1928. பக்க ஓரத்தில் பென்சிலால் வெ, டி, ல என்று குறித்துக்கொண்டே போங்கள்.

சாய்வெழுத்து கடந்த காலத்தைக் குறிக்கும் என்று நினைப்பதுதான் பெரிய தவறு. காலம் மாறுகிறது என்பதை மட்டும்தான் அது சொல்லும், எந்தத் திசையில் என்று சொல்லாது.

பெயர்களில் மூன்று பொறி. குவென்டின் இருவர், 1910இல் இறக்கும் அண்ணன் ஒருவன், அவன் பெயரைச் சுமக்கும் கேடியின் மகள் ஒருத்தி. ஜேசன் இருவர், அப்பாவும் மகனும். மோரி என்பது மாமா பெயர், 1900 வரை பெஞ்சியின் பெயரும் அதுதான்.

முதல் பக்கத்தில் வேலிக்கு அப்பால் சிலர் கோல்ஃப் ஆடுகிறார்கள். பந்து எடுக்கும் பையனை 'கேடி' என்று கூப்பிட்டதும் பெஞ்சி அழுகிறான். அது அவன் அக்கா பெயர். அந்த மைதானம் குவென்டினை ஹார்வர்டில் படிக்கவைக்க விற்ற இவர்கள் வீட்டுப் புல்வெளி. இரண்டும் உங்களுக்குத் தெரிந்திருந்தால் முதல் பக்கம் புதிராக இருக்காது.

1946இல் வந்த மால்கம் கவுலியின் தொகுப்புக்காக ஃபாக்னர் எழுதிய பின்னிணைப்பை முதலில் படிக்காதீர்கள். அந்த ஆண்டே வந்த மாடர்ன் லைப்ரரி பதிப்பு அதை நாவலுக்கு முன்னால் போட்டது. அது பல ஆண்டு கழித்து எழுதியது, விவரங்களில் நாவலோடு முரண்படும். நோயல் போல்க் திருத்திய 1984 பாடத்தை வாங்குங்கள்.

---

தாளடி

பெஞ்சி பகுதியை லஸ்டர், டி. பி., வெர்ஷ் என்று பிரித்துத் தனித்தனியாகப் படித்தால் எளிதாகுமா?

---

நெடுங்கணக்கு

இரண்டாம் வாசிப்பில் செய்யுங்கள். ஃபோலியோ சொசைட்டி 2012இல் 14 நிற மையில் காலங்களைப் பிரித்தே அச்சிட்டது. முதல் வாசிப்பில் அப்படிப் பிரித்தால் ஒரு காலத்திலிருந்து அடுத்ததற்கு எது இழுத்துச் சென்றது என்பது போய்விடும். வேலி ஆணியில் பெஞ்சி மாட்டிக்கொள்கிறான், லஸ்டர் கடிந்துகொள்கிறான், அடுத்த வரியில் பல வருடம் முன்பு கேடி அவனை அதே போன்ற ஆணியிலிருந்து விடுவிக்கிறாள். அந்த ஆணியைத் தவறவிடாதீர்கள்.